சர்க்கரை முகாமில் ஒரு மைசூர்பாகு

எங்கள் பேட்டையில் போன மாதம் நீரிழிவு விழிப்புணர்வு முகாம் நடந்தது. காலை ஒன்பது மணிக்கு என்றார்கள். குத்துவிளக்கு ஏற்றவே பத்தரை ஆனது. வெறும் வயிற்றில் ரத்தம் கொடுக்க வந்த பெரியவர்கள், கடைசிப் பொன்னாடை போர்த்தி முடியும்வரை வெறும் வயிற்றோடே இருந்தார்கள். ஏகாதசிப் புண்ணியம் தனி.

நலவாழ்வு ஆலோசகர் பவர்பாயின்ட் போட்டார். நலவாழ்வு மேம்பாட்டுக்கான 1986-ஆம் ஆண்டின் ஒட்டாவா சாசனத்தில் தொடங்கி, தினம் பத்தாயிரம் அடி நடக்கச் சொல்லி முடித்தார். அந்தப் பத்தாயிரம், 1965-இல் ஜப்பானில் அடி எண்ணும் கருவி ஒன்றை விற்க வைத்த பெயரிலிருந்து வந்தது. எந்த டாக்டரும் எழுதிய சீட்டு அல்ல. அதைச் சொல்லி அவர் பிழைப்பில் மண் போடுவானேன்? அவருடைய கார் மேடையிலிருந்து நாலடியில் நின்றிருந்தது.

பிறகு டிபன் பொட்டலம்: மைசூர்பாகு ஒன்று, வாழைக்காய் பஜ்ஜி இரண்டு. கூடவே, சர்க்கரை தூக்கலாகக் காபி. நோட்டில் கையெழுத்துப் போட்டால்தான் பொட்டலம். அந்தக் கையெழுத்துதான் அறிக்கையில் 'பயனாளி'.

பக்கத்துப் பாட்டி டெஸ்ட் பக்கமே போகவில்லை. "நம்ம பொண்ணு வீட்டுக்கே வந்து பாத்துட்டுப் போயிருச்சுப்பா" என்றார். 2021-இல் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் தெருத்தெருவாக அலையும் தன்னார்வலர் பெண் அது. அவரும் வந்திருந்தார், கடைசி வரிசையில், நாற்காலி இல்லாமல். நன்றியுரையில் மைக்செட்காரர் பெயர்வரை வந்தது.

"அப்புறம் எதுக்குப் பாட்டி வந்தீங்க?"

பொட்டலத்தை முந்தானையில் முடிந்துகொண்டே சொன்னார்: "பேரனுக்கு மைசூர்பாகுன்னா உசுரு."