சார்ஜருக்கா, டேட்டாவுக்கா?

அடுக்குமாடிக்கு ஒருவராவது இப்படி இருக்கிறார். அவசரமாகக் கதவைத் தட்டி, "அங்கிள், ஒரு டைப் சி ஒயர் இருக்குமா?" என்று கேட்டால் எடுத்துத் தரமாட்டார். கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு, "சார்ஜருக்கா, டேட்டாவுக்கா?" என்பார். "ரெண்டும் ஒண்ணுதானே?" என்று வாய்விட்டவருக்கு உடனே நாற்காலி போடப்படும். தப்பிக்க முடியாது.

கேபிள் அங்கிள் தொலைபேசித் துறையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். கம்பி மேல் உள்ள பாசம் மட்டும் இன்னும் ஓய்வு பெறவில்லை. பழைய மைசூர்பாகு டப்பாவில் ஒயர்கள் ரப்பர் பேண்டு போட்டுச் சுருண்டு கிடக்கும். ஒவ்வொன்றின் கழுத்திலும் பிளாஸ்திரி ஒட்டி, 5, 10, 40, 480 என்று எழுதியிருப்பார். அவர் வீட்டம்மா அதெல்லாம் விலை என்று நினைத்து, 480 ஒயரை மட்டும் பீரோவில் வைத்துப் பூட்டினார். அந்தக் கூட்டத்திலேயே கடைசி பெஞ்சு அதுதான். அது நொடிக்கு 480 மெகாபிட், மற்றவையெல்லாம் ஜிகாபிட்.

பிரசங்கம் 1996-லிருந்து தொடங்கும். அப்போது யுஎஸ்பியின் உச்ச வேகம் 12 மெகாபிட். 2000-இல் வந்த 2.0 அதை 480 ஆக்கியது. 2008-இல் வந்த 3.0 வேகத்தை 5 ஜிகாபிட்டுக்கு உயர்த்தியது. அதுவரை அவர் குரலில் பெருமைதான். பிறகு கோபம் வரும். அந்த 3.0-க்கே 3.1 ஜென் 1 என்று பெயர் மாற்றினார்கள். அதுவும் போதாமல் 3.2 ஜென் 1 என்றார்கள். ரேஷன் கார்டில் ஒரு பெயர், ஆதாரில் ஒரு பெயர், வாக்காளர் அட்டையில் ஒரு பெயர் என்று அலைகிறவரைப் போல, அதே 5 ஜிகாபிட் மூன்று பெயரில் கடைகளில் தொங்கியது. இந்த இடத்தில் கேட்பவரும் அங்கிள் பக்கம்தான் சாய்வார். பெயர் வைத்த புண்ணியவான்கள் ஒருநாளாவது கடையில் நின்று ஒயர் வாங்கியிருப்பார்களா என்பது சந்தேகமே.

2014-இல் டைப் சி வந்தது. எந்தப் பக்கம் செருகினாலும் போகும், 24 முனை. ஆனால் 480 மெகாபிட் ஒயருக்கும் 40 ஜிகாபிட் ஒயருக்கும் ஒரே வாய். முகத்தைப் பார்த்து வேகத்தைச் சொல்ல முடியாது. எதிர்வீட்டுப் பையன் ஐபோன் 15 புரோ வாங்கி வந்த அன்று அங்கிளுக்குத் தீபாவளி. "போன் 10 ஜிகாபிட் போகும் தம்பி. பெட்டியில குடுத்த ஒயர் எவ்வளவு தெரியுமா? 480!" அவர் சொன்னது நூற்றுக்கு நூறு சரி. பையன் அதற்குப் பிறகு லிஃப்டில் வருவதில்லை, படியில் இறங்குகிறான்.

ரிச்சி தெருவில் இவரைக் கண்டால் கடைக்காரர்களுக்கு அவசர வேலை வந்துவிடும். "ஒரிஜினல் சார், 240 வாட்டு!" என்று யாராவது புதுப்பையன் மாட்டுவான். "நான் வாட்டு கேட்டேனா?" என்று ஆரம்பிப்பார். 240 வாட் மின்சாரம் தாங்கும் ஒயரும் டேட்டாவில் 480-ஐத் தாண்டாமல் இருக்கலாம் என்பது அவருக்குத் தெரியும். பையனுக்கு அன்றுதான் தெரியும். இரண்டு மீட்டர் நீளத்தில், சல்லிசான விலையில், '40 ஜிகாபிட்' என்று அச்சடித்ததைக் காட்டினால் சிரிப்பார். நடுவில் சிப் எதுவும் இல்லாத சாதாரண ஒயர் அந்த வேகத்துக்கு ஏறக்குறைய 80 சென்டிமீட்டர்தான் தாங்கும்.

அவருடைய குலதெய்வம் பென்சன் லியுங். கூகுளில் வேலை பார்த்த இந்தப் பொறியாளர், 2015-இல் அமேசானில் விற்ற டைப் சி ஒயர்களை ஒவ்வொன்றாக வாங்கிச் சோதித்து விமர்சனம் எழுதினார். மறு ஆண்டு, உள்ளே கம்பியை மாற்றி இணைத்திருந்த ஒரு ஒயர் அவருடைய குரோம்புக் பிக்சல் லேப்டாப்பையே காவு வாங்கியது. இதைச் சொல்லும்போது அங்கிள் ஒரு நிமிடம் மௌனம் காப்பார்.

போன மாதம் மூன்றாவது மாடியில் கல்யாண வீடியோ வந்து இறங்கியது. கையடக்க எஸ்எஸ்டியில் 200 ஜிபி. மாப்பிள்ளையின் தம்பி போன் சார்ஜர் ஒயரைச் செருகி லேப்டாப்பில் ஏற்றினான். ஒன்றரை மணி நேரம் ஆகும் என்றது திரை. ஆள் போயிற்று. அங்கிள் டப்பாவோடு வந்தார்.

10 என்று எழுதிய ஒயரை, தாலி எடுத்துக் கொடுப்பதுபோல எடுத்து மாட்டினார். வீடே எட்டிப் பார்த்தது. அதே ஒன்றரை மணி நேரம்.

"போர்ட்டைப் பாரு, கறுப்பு. அது பழசு. அந்தப் பக்கம் நீலமா ஒண்ணு இருக்கே, அதுல போடு." போட்டார்கள். வேகம் ஏறி, நொடிக்கு 100 எம்பியில் நின்று மூச்சு வாங்கியது. அங்கிள் லேப்டாப்பின் வயிற்றில் காதை வைத்துக் கேட்டார்.

"உள்ளே சுத்துற ஹார்ட் டிஸ்க்கா தம்பி?"

"ஆமா அங்கிள், பழைய லேப்டாப்."

"ஒயர்ல தப்பில்ல" என்று சபைக்கு அறிவித்துவிட்டு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். "அம்மாவைக் காபி போடச் சொல்லு. அரை மணி நேரம் ஆகும். அதுக்குள்ள 1996-ல என்ன நடந்துச்சுன்னா..."