திருட்டுக் காப்பிக்கு ஒரு வக்காலத்து

பாத்திரக் கடையில் எவர்சில்வர் தூக்கு வாங்கினால் பெயர் வெட்டித் தருவார்கள். அதற்குப் பிறகு கடைக்காரர் கடையை மூடினாலும், ஊரையே விட்டுப் போனாலும் தூக்கு நம்முடையதுதான். ஊற்றிய சாம்பார் உள்ளே நிற்கும். கம்ப்யூட்டர் விளையாட்டு விற்பவர்கள் இந்தப் பத்தாம்பசலி வியாபாரத்தை எங்கேயோ கொண்டுபோய்விட்டார்கள். யுபிசாஃப்ட் நிறுவனம் 2014இல் ‘தி க்ரூ’ என்றொரு கார்ப் பந்தய கேமை வெளியிட்டது. அமெரிக்கா முழுவதையும் சுருக்கி அதற்குள் வைத்திருந்தார்கள். கிழக்குக் கரையில் வண்டியைக் கிளப்பினால் பெட்ரோல் போடாமல், போலீஸுக்கு அழாமல், மேற்குக் கரை வரை போய் வரலாம். ஒருவர் தனியாகவே ஆடி முடிக்கக்கூடிய கதையும் இருந்தது. ஆனால் தனியாக ஓட்டுகிறவரும் நிறுவனத்தின் சர்வரோடு எந்நேரமும் தொடர்பில் இருந்தாக வேண்டும் என்று ஏற்பாடு. 2024 மார்ச் 31 அன்று அந்த சர்வரை அணைத்தார்கள். ஒரே நாளில் அமெரிக்கா காணாமல் போயிற்று; இரு கரைகளும் சேர்த்து. காசு கொடுத்து டிஸ்க் வாங்கி அலமாரியில் அடுக்கியிருந்தவர்களுக்கு மிஞ்சியது, காபி டம்ளருக்கு அடியில் வைக்கத் தோதான ஒரு பளபளத் தகடு.

இந்த மாதிரி அணைப்புகளிலிருந்து கேம்களைக் காப்பாற்றுகிறவர்கள் யார் என்று தேடிப் போனால், நிறுவனங்களின் வக்கீல்கள் யாரைத் திருடர் என்கிறார்களோ அவர்கள் வீட்டு வாசலில்தான் போய் நிற்க வேண்டியிருக்கிறது. அமெரிக்காவில் வீடியோ கேம் ஹிஸ்டரி ஃபவுண்டேஷன் என்ற அமைப்பு 2023இல் ஓர் ஆய்வு வெளியிட்டது. 2010க்கு முன் அந்த நாட்டில் வெளியான கேம்களில் 87 சதவீதம் இன்று கடையில் விற்பனைக்கே இல்லை. அவற்றை ஆட விரும்புகிறவர் பழைய கருவியையும் பழைய கேட்ரிட்ஜையும் யாரிடமாவது சொன்ன விலைக்கு வாங்கலாம். அல்லது ஆவணக் காப்பகம் இருக்கும் ஊருக்கு ரயிலேறலாம். அல்லது யாரோ ஒரு புண்ணியவான் காப்பியெடுத்து இணையத்தில் போட்டதை இறக்கிக்கொள்ளலாம். மூன்றில் எது அதிகம் நடக்கிறது என்பதற்குத் தனியாக ஆய்வு தேவையில்லை. தமிழ் வாசகருக்கு இதில் வியப்பு இருக்கக் கூடாது. 1931இல் வந்த நம் முதல் பேசும் படம் ‘காளிதாஸ்’. அதன் பிரதி ஒன்றுகூட மிஞ்சவில்லை. அதைவிடப் பல நூற்றாண்டு மூத்த சங்கப் பாடல்கள் மிஞ்சியிருக்கின்றன. ஓலை அரிக்க அரிக்க யாராவது ஒருவர் உட்கார்ந்து புது ஏட்டில் பெயர்த்தெழுதிக்கொண்டே வந்ததுதான் காரணம். அவர்களில் எவரும் கபிலரின் வாரிசுகளிடம் தடையில்லாச் சான்று வாங்கிவிட்டு எழுத்தாணியை எடுத்ததாகத் தெரியவில்லை.

பகிர்ந்தால் பிழைப்பு போய்விடும் என்று சொல்பவர்கள் ‘டூம்’ கதையைக் கேட்க வேண்டும். இட் சாஃப்ட்வேர் என்ற சின்ன நிறுவனம் 1993 டிசம்பரில் அதை வெளியிட்டபோது முதல் பாகத்தைச் சும்மாவே கொடுத்தது. காப்பியெடுங்கள், நண்பருக்குக் கொடுங்கள், அவரையும் காப்பியெடுக்கச் சொல்லுங்கள்; பிடித்திருந்தால் மிச்சத்தைக் காசுக்கு வாங்குங்கள் என்பது ஏற்பாடு. இப்படிச் செய்ததால் அவர்கள் தெருவுக்கு வந்துவிடவில்லை. அப்படியே வந்திருந்தாலும் ஃபெராரி காரில்தான் வந்திருப்பார்கள். நிறுவனர்களான ஜான் கார்மாக், ஜான் ரொமீரோ இருவருமே வைத்திருந்தார்கள். 1997இல் நிரலின் மூலத்தையும் பொதுவில் வைத்தார்கள். அன்று முதல் உலகத்தில் வேலையற்ற, ஆனால் மூளையுள்ள இளைஞர்களுக்கு ஒரு லட்சியம் கிடைத்தது: திரை உள்ள எந்தப் பொருளிலும் டூமை ஓட்டிக் காட்டுவது. கால்குலேட்டரில் ஓடியது, கேமராவில் ஓடியது. 2022இல் ஒரு ஹேக்கர் மாநாட்டில் டிராக்டரின் திரையில் ஓட்டிக் காட்டினார்கள். 1993இன் கேம் டிராக்டரிலும் ஓடுகிறது. 2014இன் ‘தி க்ரூ’வோ, சர்வர் அணைந்ததும் அதற்கென்றே செய்த கருவியில்கூட ஓடாமல் போயிற்று. இரண்டுக்கும் நடுவில் தொழில்நுட்பம் வளர்ந்தது என்று சொல்கிறார்கள், சொல்லட்டும்.

டூம்காரர்கள் தாங்களாகவே கொடுத்தார்கள், கொடுக்காதவர்களிடம் எடுப்பது எப்படி நியாயம் என்று கேட்கலாம். அதற்கும் ஒரு வழக்கு இருக்கிறது. பிளிசார்ட் நிறுவனத்தின் ‘வேர்ல்ட் ஆஃப் வார்கிராஃப்ட்’ 2004இல் வந்தது. ஆண்டுதோறும் மாற்றி மாற்றி, தொடக்க காலத்து வடிவம் எங்கேயும் ஆடக் கிடைக்காமல் போயிற்று. 2013இல் நிறுவனத்தின் விழா மேடையில் ஒரு ரசிகர் எழுந்து, பழைய வடிவத்துக்கு ஒரு சர்வர் தருவீர்களா என்றார். உங்களுக்கு அது வேண்டும்போலத் தோன்றுகிறது, உண்மையில் வேண்டாம் என்ற பொருளில் பதில் வந்தது. வாடிக்கையாளரின் ஆசையை வாடிக்கையாளருக்கே பொழிப்புரை சொல்லும் அக்கறை வேறெந்த வியாபாரத்தில் கிடைக்கும்? ரசிகர்கள் சிலர் ‘நாஸ்டல்ரியஸ்’ என்ற பெயரில் தாங்களே பழைய வடிவத்தை இலவசமாக நடத்தினார்கள். கூட்டம் அலைமோதியது. 2016 ஏப்ரலில் வக்கீல் கடிதம் வந்தது, மூடினார்கள். திரும்பக் கேட்டு 2 லட்சம் பேருக்கு மேல் மனுவில் கையெழுத்திட்டார்கள். 2019 ஆகஸ்டில் பிளிசார்ட் அதே பழைய வடிவத்தை ‘கிளாசிக்’ என்ற பெயரில், மாதச் சந்தாவுக்கு, தானே வெளியிட்டது. வேண்டாமென்று சொல்லப்பட்டவர்கள் வரிசையில் நின்று உள்ளே போனார்கள். அந்தத் திருட்டு சர்வர் செய்தது சந்தை ஆய்வு. கூலிதான் வக்கீல் கடிதமாக வந்தது.

காப்பியெடுப்பவர்கள் எல்லோரும் தியாகிகள் என்று நான் சொல்ல வரவில்லை. ‘சிட்டி ஆஃப் ஹீரோஸ்’ என்ற கேமில் ஆளுக்கொரு சூப்பர் ஹீரோவாக உருவெடுத்து ஒரு நகரத்தைக் காப்பாற்ற வேண்டும். 2012 நவம்பர் 30 அன்று என்சிசாஃப்ட் நிறுவனம் அதை நிறுத்தியது. அறிவிப்பு வந்ததும் ஹீரோக்கள் கேமுக்குள்ளேயே தீப்பந்தம் ஏந்தி அறப்போராட்டம் நடத்தினார்கள். பறக்கத் தெரியும், சுவரை உடைக்கத் தெரியும், லாப நட்டக் கணக்கு முன்னால் ஒன்றும் செய்யத் தெரியவில்லை. 2019இல் ஒரு சேதி வெடித்தது: ஒரு சின்னக் குழு அந்த நகரத்தைச் சுமார் ஆறு ஆண்டுகளாக ரகசியமாக நடத்தி, தமக்குள் சத்தமில்லாமல் ஆடிக்கொண்டிருந்திருக்கிறது. ரசிகர்களுக்கு வந்த கோபத்தைப் பார்க்க வேண்டுமே! காப்பியெடுத்த குற்றத்துக்கு அல்ல, எடுத்ததைப் பங்கிடாத குற்றத்துக்கு. பிறகு அந்த நிரல் பொதுவுக்கு வந்தது, ‘ஹோம்கமிங்’ என்ற குழு நன்கொடை வாங்கி சர்வர் நடத்தியது, 2024 ஜனவரியில் என்சிசாஃப்ட் அவர்களுக்கு முறையான உரிமமே கொடுத்தது. நிறுவனத்துக்குச் செலவில்லை, ஹீரோக்களுக்கு நகரம் கிடைத்தது.

இனி ஆட்சேபங்கள். ‘ஒப்புக்கொள்கிறேன்’ பொத்தானை நீங்கள்தானே அழுத்தினீர்கள் என்பது முதலாவது. உண்மை. எப்போது வேண்டுமானாலும் நிறுத்துவோம் என்று அந்த நீண்ட ஒப்பந்தத்தின் ஏதோ ஒரு மூலையில் இருக்கத்தான் செய்கிறது. 2025 ஜனவரி 1 முதல் கலிஃபோர்னியாவில், விற்பது வெறும் உரிமம்தான் என்று வாங்குமுன்பே தெளிவாகச் சொல்லியாக வேண்டும் என்று சட்டம் வந்திருக்கிறது. சட்டம் போட்டுச் சொல்ல வைக்கும் அளவுக்கு ஒரு விஷயம் மறைந்து கிடந்திருக்கிறதென்றால், ஒப்புக்கொண்டவர்கள் எதை ஒப்புக்கொண்டார்கள்? தவிர, தூக்கில் ஓட்டை இருக்கிறது என்று சீட்டு ஒட்டிவிட்டால் சாம்பார் ஒழுகாமல் இருக்குமா?

சர்வர் நடத்தக் காசு வேண்டாமா என்பது இரண்டாவது. வேண்டும். சாகும்வரை நடத்து என்று எவரும் கேட்கவில்லை. ‘தி க்ரூ’ அணைந்ததும் ராஸ் ஸ்காட் என்ற யூடியூபர் தொடங்கிய ‘ஸ்டாப் கில்லிங் கேம்ஸ்’ இயக்கம் கேட்பது ஒன்றே: கடையை மூடும்போது பொருளை ஓடும் நிலையில் விட்டுவிட்டுப் போ. ஐரோப்பிய ஒன்றியத்தில் இதற்காகக் கொடுத்த மக்கள் மனு 2025 ஜூலையில் 10 லட்சம் கையெழுத்தைத் தாண்டியது. முடியாத காரியம் என்கிறார்கள். ஆனால் முதல் ‘க்ரூ’வை அணைத்து ஆறு மாதம் ஆவதற்குள், அதன் இரண்டாம் பாகத்துக்கும் அதற்கடுத்ததற்கும் ஆஃப்லைன் வசதி தருவோம் என்று அதே யுபிசாஃப்ட் அறிவித்தது. பிறரிடம் உரிமம் வாங்கிச் சேர்த்த நிரல்களும் பாட்டுகளும் உள்ளே கலந்திருக்கும் பழைய கேம்களில் இது சிக்கல்தான், ஒத்துக்கொள்கிறேன். இனிமேல் கட்டப் போகிற கேம்களிலாவது, வாசல் வைக்கும்போதே பின்கட்டுக் கதவும் வைக்கலாம்.

மூன்றாவதுதான் கனமானது: காப்பியடிப்பது உழைத்தவன் வயிற்றில் அடிப்பது. நாலைந்து பேர் சேர்ந்து வருடக்கணக்கில் உழைத்து வெளியிட்ட கேமை, வெளியான வாரமே ஓசியில் இறக்கிக்கொள்பவருக்காக நான் வாதாட வரவில்லை. அவருக்கு வேறு வக்கீல் பார்த்துக்கொள்ளட்டும். என் கட்சிக்காரர் பூட்டிய கடைக்கு வெளியே நிற்பவர். விற்பனையில் இல்லாத பொருளால் விற்பனை நஷ்டம் என்ற கணக்கு எனக்கு எத்தனை முறை பார்த்தாலும் விளங்கவில்லை. நாளைக்கு மறுபடி வெளியிடுவோம் என்பார்கள். வெளியிடட்டும், அன்றைக்கு இலவசக் காப்பியை இறக்கிவிடச் சொல்வதும் நியாயம்தான். ஓசியில் ஆடியவர்கள் இருந்ததால் ‘கிளாசிக்’ போணியாகாமல் போகவில்லை. ஆனால் மறுவெளியீட்டுக்கு வருவது லாபம் தரும் பத்துப் பதினைந்து பெயர்கள்தாம். அந்த 87 சதவீதத்தின் மிச்சத்துக்கு எந்த முதலாளியும் நாள் குறிக்கப் போவதில்லை.

அப்படியானால் இந்த வேலையை நூலகங்களிடம் விடலாமே என்று நாகரிகமானவர்கள் சொல்வார்கள். சொல்லிப் பார்த்தார்கள். விற்பனையில் இல்லாத பழைய கேம்களை ஆய்வாளர்கள் தொலைவிலிருந்தே பார்க்க நூலகங்கள் வழி செய்யலாமா என்று அமெரிக்கப் பதிப்புரிமை அலுவலகத்திடம் விண்ணப்பித்தார்கள். தொழில் நிறுவனங்களின் சங்கம் எதிர்த்தது. 2024 அக்டோபரில் மறுப்பு வந்தது. சொல்லப்பட்ட காரணங்களில் ஒன்று, அப்படிக் கொடுத்தால் அந்தக் கேம்களைப் பொழுதுபோக்குக்காக ஆடிவிடும் அபாயம் இருக்கிறதாம். விளையாட்டை ஒருவர் விளையாடிவிடுவாரோ என்ற அச்சம் அரசாங்கக் கோப்பில் ஏறியிருக்கிறது. ஆகவே இப்போதைக்கு ஆய்வாளர் நேரில் வந்து, அந்தக் கட்டடத்துக்குள்ளேயே உட்கார்ந்துதான் ஆட வேண்டும். முகத்தில் சிரிப்பு வராமல் ஆடத் தெரிந்தவர்கள் விண்ணப்பிக்கலாம்.