எல்லாத்துக்கும் பக்கம் சார்!

சென்னையைச் சுற்றிக் காம்பஸால் வட்டம் போட நினைத்தால் பாதி வட்டம் வங்காள விரிகுடாவில் நனைந்துவிடும். ஊர் பிறந்ததே கடலோரத்தில். கோட்டையைக் கட்டிய வெள்ளைக்காரன் கப்பலைவிட்டு இறங்கிய கரையிலேயே மூட்டையைப் பிரித்துவிட்டான். எது நடு, எது ஓரம் என்றெல்லாம் அவன் யோசிக்கவில்லை. கிழக்கே கடல் மறித்ததால் ஊர் மற்ற மூன்று பக்கமும் காலை நீட்டிக்கொண்டே போனது. 2011-ல் மாநகராட்சியின் பரப்பு 174 சதுர கிலோமீட்டரிலிருந்து 426 ஆனது. அதற்கும் வெளியே, மாநகராட்சிக்குச் சம்பந்தமே இல்லாத பொட்டல்களில் 'சென்னை' என்று போர்டு நட்டு மனை விற்கிறார்கள். இப்படிப்பட்ட ஊருக்கு வேலையாகப் போகிறவனிடம், "நல்ல சென்டரான இடமாப் பார்த்து ரூம் போடு" என்று எல்லாரும் சுலபமாகச் சொல்லிவிடுகிறார்கள்.

நான் சிவகாசியில் ஓர் ஆப்செட் அச்சகத்தின் விற்பனைப் பிரதிநிதி. ஆடிப்பெருக்கு அன்று மற்ற ஊர்க்காரர்கள் சித்ரான்னம் கட்டிக்கொண்டு ஆற்றங்கரைக்குப் போவார்கள். எங்கள் ஊரில் அடுத்த வருஷத்துக் காலண்டர் ஆல்பத்துக்குப் பூஜை போட்டு வெளியிடுவார்கள். நாடே இந்த வருஷத் தீபாவளிக்கு இன்னும் துணி எடுக்காத நேரத்தில், அடுத்த தீபாவளி என்ன கிழமை என்பது எங்களுக்கு மனப்பாடம். முருகன், பிள்ளையார், மாதா, மெக்கா, சிரிக்கும் குழந்தை, சுவிட்சர்லாந்துப் பனிமலை எல்லாம் அடங்கிய அந்த ஆல்பத்தைப் பையில் போட்டு மாட்டினால் தோள் ஒரு பக்கமாகச் சாயும். தெய்வங்கள் லேசானவை அல்ல. அதனால் லாட்ஜ் எங்கே இருக்கிறது என்பது, என் வரையில், தோள்பட்டை சம்பந்தப்பட்ட விஷயம்.

பார்ட்டிகள் எல்லாரும் ஒரே பேட்டையில் இருந்தால் வம்பில்லை. மொத்தமாக எடுக்கிறவர் பாரிமுனையில், ஆண்டர்சன் தெருவில் இருக்கிறார். காகிதம், அட்டை, கல்யாணப் பத்திரிகை என்று தெரு முழுக்க எங்கள் வாசம்தான் அடிக்கும். கம்பெனிப் பெயர் போட்டுத் தினசரி காலண்டர் வாங்குகிறவர்கள் அம்பத்தூர் தொழிற்பேட்டையில் இருக்கிறார்கள். 1964-ல் தொடங்கிய பேட்டை. டைரியும் மேசைக் காலண்டரும் கேட்கிற கம்ப்யூட்டர் கம்பெனி சிறுசேரியில். பாரிமுனையிலிருந்து சிறுசேரிக்கு 30 கிலோமீட்டருக்கு மேல். வடகிழக்கே ஒருவர், வடமேற்கே ஒருவர், தெற்கே ஒருவர். என்மேல் கோபித்துக்கொண்டு பாகப்பிரிவினை செய்தவர்கள் மாதிரி உட்கார்ந்திருக்கிறார்கள்.

இந்த மூன்று புள்ளிகளையும் கோடு போட்டு இணைத்தால் முக்கோணம் வரும். அதன் நடுப்புள்ளி சுமாராகக் கிண்டியில் விழுகிறது. அங்கே ஆளுநர் மாளிகையும் மான்கள் மேயும் தேசியப் பூங்காவும் உண்டு. இரண்டிலும் ரூம் வாடகைக்கு விடுவதில்லை. அந்தப் பக்கத்தில் ஓட்டல்கள் இருக்கின்றன. ஆனால் அவை நட்சத்திரம் போட்டவை. எங்கள் அச்சகம் தருகிற பேட்டாவுக்கு அந்த நட்சத்திரங்களும் அண்ணாந்து பார்க்கத்தான். அப்படியே தங்கினாலும், மூன்று இடத்துக்கும் சம தூரம் என்றால் மூன்று இடத்துக்கும் சமமாகத் தாமதம் என்றுதான் அர்த்தம்.

சரி, போன் போட்டே கேட்டுவிடுவோம் என்று ஒரு லாட்ஜுக்குப் பேசினேன்.

"சார், எல்லாத்துக்கும் சென்டர் சார்."

"ஆண்டர்சன் தெரு?"

"பக்கம் சார்."

"அம்பத்தூர் எஸ்டேட்?"

"பக்கம் சார்."

"சிறுசேரி?"

எதிர்முனையில் ஒரு கணம் யோசனை. "கேப் போட்டுக்கலாம் சார்."

"சிவகாசி?"

"நைட் ட்ரெயின் இருக்கு சார். ஸ்டேஷன் ரொம்பப் பக்கம் சார்."

இப்படிப் பதில் சொல்லும் ஆளை எங்கள் முதலாளி பார்த்தால் உடனே விற்பனைப் பிரிவில் சேர்த்துக்கொள்வார். முதலாளிக்கு லாட்ஜ் விஷயத்தில் தெளிவான கொள்கை உண்டு. "ரூமுக்குத் தூங்கத்தானடா போற? கண்ணை மூடிட்டா எல்லா ரூமும் ஒண்ணுதான்." இது தத்துவமாகச் சரிதான். கண்ணைத் திறந்த பிறகு ஆட்டோவுக்கு யார் கொடுப்பது என்ற கேள்விக்கு இந்தத் தத்துவத்தில் இடமில்லை. முந்நூறு ரூபாய் குறைவான ரூமில் தங்கி, ஐந்நூறு ரூபாய்க்கு ஆட்டோவில் போய்வந்த கணக்கை அவரிடம் காட்டினால், "ரூம்ல மிச்சம் பிடிச்சியே, அது நல்ல பழக்கம்" என்று பாராட்டிவிட்டு ஆட்டோ பில்லைத் திருப்பித் தந்துவிடுவார்.

சொந்தக்காரர்கள் இருக்கும்போது லாட்ஜ் எதற்கு என்று கேட்பவர்களும் உண்டு. பெரியப்பா மகன், அண்ணன் முறை, சிட்லபாக்கத்தில் பிளாட் வாங்கியிருக்கிறார். "என்னடா தம்பி, அண்ணன் வீடு இருக்க லாட்ஜ்ல தங்குறியாம்? இங்கேருந்து எல்லாத்துக்கும் பக்கம்டா. எங்க போனாலும் அரை மணி நேரம்." சென்னையில் சொந்த வீடு வாங்கிய எல்லாருக்குமே எல்லா இடமும் அரை மணி நேரம்தான், கடனுக்கு வட்டி கட்டுகிறவர்களுக்கு வேறு ஆறுதல் ஏது? பக்கத்துத் தாம்பரத்திலிருந்து கடற்கரை ஸ்டேஷனுக்கு மின்சார ரயிலே ஏறக்குறைய ஒரு மணி நேரம் எடுத்துக்கொள்ளும். அதற்கு முன்னால் மதினியின் இட்லியைத் தாண்டியாக வேண்டும். "நாலு இட்லியோட எழுந்தா எப்படி" என்று மேலும் இரண்டு வந்து விழும். தூரத்தைக்கூடச் சமாளித்துவிடலாம். கிளம்பும்போது, "நம்ம பிளாட்ல எல்லாருக்கும் ஒரு தினசரி காலண்டர் கொண்டுவந்திரு, நீ சிவகாசின்னு சொல்லிவச்சிருக்கேன்" என்பார் அண்ணன். அந்த பிளாட்டில் எத்தனை வீடு என்று கேட்கவே எனக்குப் பயம். காசு வாங்கிக்கொண்டு இடம் கொடுக்கிற லாட்ஜ்காரர் ஒருநாளும் காலண்டர் கேட்டதில்லை.

வீட்டில் வேறு யோசனை. "தி.நகர்ல தங்குங்களேன், அங்கேருந்து எங்க வேணாலும் போகலாம்ல?" கேட்பதற்கு என் நன்மைக்கான பேச்சு மாதிரி இருக்கும். ஆனால் நான் ஆல்பத்தோடு போவது ஆடி மாதம். தி.நகரில் அது தள்ளுபடி மாதம். மாம்பலம் ஸ்டேஷனில் இறங்கி ரங்கநாதன் தெருவுக்குள் நுழைகிறவன் தன் காலால் நடப்பதில்லை. கூட்டம் அவனை உஸ்மான் ரோட்டில் கொண்டுபோய்ச் சேர்க்கும். அதற்குள் வாட்ஸ்அப்பில் பட்டியல் வந்துவிடும். ஆர்டர் பிடிக்கப் போனவன் பாவாடைத் துணிக்கு மேட்சிங் பிளவுஸ் பிட் பிடித்துக்கொண்டு, அது கிளிப்பச்சையா பாசிப்பச்சையா என்று போட்டோ எடுத்து அனுப்பிக்கொண்டிருப்பான். தொழில் நிமித்தம் போகிறவன் தங்குவதற்குத் தமிழ்நாட்டிலேயே ஆபத்தான இடம் தி.நகர்தான். ரூம் வாடகையைப் பார்த்து இதை முடிவு செய்யக் கூடாது; மொத்தச் செலவைப் பார்க்க வேண்டும்.

இடம் பார்க்கிறவர்கள் நேரம் பார்க்க மறந்துவிடுவார்கள். எங்கள் பக்கத்திலிருந்து போகும் பொதிகை எக்ஸ்பிரஸ் விடியற்காலையில் எழும்பூரில் இறக்கிவிடும். கொஞ்சம் வசதியான ஓட்டல்களில் பகல் 12 மணிக்குத்தான் செக்-இன். எவ்வளவு நல்ல இடத்தில் இருந்தாலும், பல் விளக்காமல் ஆறு மணி நேரம் வரவேற்பறை சோபாவில் சாமி படங்களோடு உட்கார வைக்கிற ஓட்டல் எனக்கு எதற்கு? இந்தக் கஷ்டம் தெரிந்தவர்கள் எழும்பூர்க்காரர்கள். ஸ்டேஷன் எதிரே கென்னட் லேன் பக்கம் போனால் 24 மணி நேரக் கணக்கு வைத்திருக்கும் லாட்ஜ்கள் கிடைக்கும். காலை ஐந்தரைக்குச் சாவி வாங்கினால் மறுநாள் ஐந்தரை வரைக்கும் அறை நம்முடையது. ரயில் நேரத்தைப் பார்த்துக் கடிகாரத்தை வைத்தவர்கள். 1908-ல் திறந்த ஸ்டேஷன் அன்றைக்கு இருந்த இடத்திலேயே இன்றைக்கும் இருப்பதால் அவர்கள் பிழைப்பும் நிலையாக இருக்கிறது.

பஸ் ஸ்டாண்டை நம்பியவர்கள் கதை அப்படியில்லை. வெளியூர் பஸ்கள் முதலில் பாரிமுனைக்கு வந்தன. 2002-ல் கோயம்பேட்டுக்குப் போயின. கோயம்பேட்டைச் சுற்றி லாட்ஜ் கட்டி, பெயிண்ட் அடித்து, 'பேருந்து நிலையம் அருகில்' என்று போர்டும் மாட்டி முடித்தார்கள். 2023 டிசம்பர் கடைசியில் கிளாம்பாக்கம் திறந்தது. தென்மாவட்ட பஸ்கள் அங்கேயே நின்றுவிட்டன. பஸ் ஸ்டாண்டு தெற்கு நோக்கி நகர்கிற வேகத்தைப் பார்த்தால், இன்னும் கொஞ்ச வருஷம் பொறுத்திருந்தால் அதுவே சிவகாசிக்கு வந்துவிடும் போலிருக்கிறது. அப்போது நாங்கள் ரூமே போட வேண்டியதில்லை.

மெட்ரோ ரயில் வந்த பிறகு நிலைமை கொஞ்சம் தேவலை. 2015-ல் ஆலந்தூருக்கும் கோயம்பேட்டுக்கும் நடுவே ஓடத் தொடங்கியது. இப்போது எழும்பூரில் ஏறி, சென்ட்ரலில் மாறினால் அடுத்த ஸ்டேஷன் உயர் நீதிமன்றம். அங்கிருந்து ஆண்டர்சன் தெரு நடக்கிற தூரம். அதனால் இப்போதெல்லாம் ஓட்டல்காரர்கள் 'மெட்ரோ 300 மீட்டர்' என்று விளம்பரம் செய்கிறார்கள். பொய் இல்லை. அந்த 300 மீட்டருக்கு நடுவே ஓர் அகலமான சாலையும், சாலைக்கு நடுவே இடுப்புயரத் தடுப்புச் சுவரும் இருப்பதை மட்டும் சொல்வதில்லை. தெய்வங்களைச் சுமந்துகொண்டு அந்தச் சுவரை ஏறிக் குதிக்க முடியாமல், எங்கேயோ போய்த் திரும்பி வருவதற்குள் ரயிலில் பாதி ஊர் போய்விடலாம். சிறுசேரிப் பக்கம் இரண்டாம் கட்ட வேலை நடக்கிறது. ஓஎம்ஆரில் தூண்கள் எல்லாம் எழுந்து நிற்கின்றன. வண்டிகளும் அவற்றுக்குத் துணையாக நிற்கின்றன. காலையில் கூட்டத்துக்கு எதிர்த்திசையில் போகிற மாதிரி ரூம் போட்டால் தப்பிக்கலாம் என்று ஒருவர் எனக்கு அறிவுரை சொன்னார். சென்னையில் எதிர்த்திசை எது என்பதை அவர் சொல்லவில்லை. சோழிங்கநல்லூரிலிருந்து எதிரே வருகிறவர்களும் அதே அறிவுரையைக் கேட்டவர்கள்தான்.

இருப்பிடம் என்பதில் ஜன்னலும் சேர்த்தி. ஆடியில் தெருவுக்குத் தெரு அம்மனுக்குக் கூழ் ஊற்றுவார்கள். விடியும் முன்பே ஒலிபெருக்கியில் எல்.ஆர். ஈஸ்வரி தாயை அழைக்கத் தொடங்கிவிடுவார். எனக்கு அந்தக் குரல் ரொம்பப் பிடிக்கும். ஆனால் ஒலிபெருக்கிக்கும் என் தலையணைக்கும் நடுவே ஒரு தெருவாவது இருந்தால் பக்தி இன்னும் கூடும். தெரு பக்கம் வேண்டாம் என்றால் பின்பக்கம் கொடுப்பார்கள். அங்கே கல்யாண மண்டபத்துச் சமையல்கட்டு. ஆடியில் கல்யாணம் கிடையாது என்பதால் அது உத்தமம். அதே அறையை ஆவணியில் எடுத்தால், இரவு இரண்டு மணிக்கு அண்டா உருளும்.

டைரி டெலிவரிக்கு டிசம்பரில் போகிறவன் அம்மனை விட்டுவிட்டு மழையைக் கவனிக்க வேண்டும். தி.நகருக்கும் மேற்கு மாம்பலத்துக்கும் நடுவே ஒரு தண்டவாளம்தான். துரைசாமி சப்வேயில் தண்ணீர் நின்றுவிட்டால் அந்த ஒரு தண்டவாளம் இரண்டு மாவட்டங்களைப் பிரிக்கிற ஆறாகிவிடும். வேளச்சேரியில் வாடகை மலிவு என்று ஆசை காட்டுவார்கள். பக்கத்தில் இருப்பது பள்ளிக்கரணைச் சதுப்பு நிலம். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வந்தபோது அந்தப் பக்கத்துத் தெருக்களில் படகு விட்டார்கள். ஆகவே மழைக்காலத்தில் லாட்ஜை வரைபடத்தில் பார்த்தால் போதாது, மேடா பள்ளமா என்று விசாரிக்க வேண்டும். அதற்கும், "மேடுதான் சார், எல்லாத்துக்கும் மேடு" என்று பதில் வரும்.

இத்தனையும் ஆர்டர் பிடிக்கப் போகிறவனுக்கான யோசனைகள். ஆர்டர் என்றால் பார்ட்டிகள் நம்மைப் பார்க்க விரும்புவார்கள். "வாங்க வாங்க, எப்ப வந்தாலும் இருப்பேன்" என்பார்கள். பாக்கி வசூலுக்குப் போகும்போது ஊரின் பூகோளமே மாறிவிடும். காலண்டர் வியாபாரத்தில் பணம் பொங்கல் கழிந்துதான் வரும். பொங்கல் கழிந்தால் மாசி பிறக்கட்டும் என்பார்கள். மாசியில் போனால் கடைப் பையன், "ஓனர் இப்பதான் கிளம்பினார்" என்பான். ஓனருடைய நாற்காலிக்கு மேலே மின்விசிறி சுழன்றுகொண்டிருக்கும். காப்பி டம்ளரில் ஆவிகூட அடங்கியிருக்காது. இந்த மாதிரி ஆளைப் பிடிக்க மெட்ரோவும் உதவாது, முக்கோணத்தின் நடுப்புள்ளியும் உதவாது.

தொழில் பயணத்தில் நல்ல இடத்து லாட்ஜ் எது என்பதற்கு, வசூலுக்குப் போய் வந்த பிறகுதான் எனக்கு ஒரு விதி கிடைத்தது: ஆர்டருக்குப் போனால் வரைபடத்தைப் பார், பணத்துக்குப் போனால் ஜன்னலைப் பார். பணம் தர வேண்டியவருடைய ஷட்டர் எந்த ஜன்னலிலிருந்து தெரிகிறதோ, அந்த அறை இருக்கிற இடமே ஊரின் நடு. பாரிமுனையைச் சுற்றி லாட்ஜ்களுக்குக் குறைவில்லை. நான் இப்போது ஏசி கேட்பதில்லை, வெந்நீர் கேட்பதில்லை. எந்த மாடி, ஜன்னல் எந்தத் தெருவைப் பார்க்கிறது என்று மட்டும் கேட்கிறேன். லாட்ஜ் மேனேஜர் என்னைப் போலீஸ்காரர் என்று நினைத்துக்கொண்டு மரியாதையாக நடத்துகிறார்.

போய்ச் சேர்ந்ததும் பார்ட்டிக்குப் போன் போடுவேன்.

"அடடே, வந்திருக்கீங்களா? எங்க ஸ்டே?"

"சிட்லபாக்கத்துல சார், அண்ணன் வீட்ல."

"அவ்வளவு தூரத்துலயா? அவசரமே இல்ல, காலைல நிதானமாச் சாப்பிட்டுட்டு பன்னிரண்டு மணிக்கு மேல வாங்க."

பன்னிரண்டுக்குள் வேலைகளை முடித்துக்கொண்டு நழுவிவிடலாம் என்ற தைரியத்தில் அவர் ஒன்பதரைக்கு நிம்மதியாக வந்து ஷட்டரைத் தூக்குவார். அவர் சாமி படத்துக்கு ஊதுபத்தி காட்டித் திரும்பும்போது நான் செக் எழுதுவதற்குப் பேனாவைத் திறந்துவைத்தபடி எதிரே உட்கார்ந்திருப்பேன். அண்ணன் சொன்னது பொய்யில்லை. சிட்லபாக்கத்திலிருந்து எல்லாமே பக்கம்தான், நாம் அங்கே தங்காமல் இருக்கிற வரைக்கும்.