முகராசிக் கட்டம்

எங்கள் குடும்பத்தில் நல்ல கேமரா ஒன்றை வாங்கியவனுக்குச் சம்பளமில்லா உத்தியோகம் தானாகவே வந்து சேரும். கல்யாணத்துக்குப் பணம் பேசி வந்த போட்டோகிராபர் மேடையில் இருப்பார். இருந்தாலும், "நம்ம பையன் எடுக்கிற மாதிரி வருமா?" என்று சொல்லியே நம்மைப் பந்திக்குப் போகவிடாமல் நிற்க வைத்துவிடுவார்கள். இந்த உத்தியோகத்தில் எனக்கு உதவி, முகத்தைத் தானே தேடிப் பிடித்து ஃபோகஸ் செய்யும் ஃபேஸ் டிடெக்ஷன். "சார், நீங்க பட்டனை அமுக்கினா போதும், மத்ததெல்லாம் அதுவே பாத்துக்கும்" என்றார் கடைக்காரர். பார்த்துக்கொள்ளத்தான் செய்கிறது. யாரைப் பார்க்கிறது என்பதில்தான் தகராறு.

கேமராவுக்கு முகம் என்றால் என்னவென்று தெரியாது. 2001-ல் பால் வயோலா, மைக்கேல் ஜோன்ஸ் என்ற இருவர் கண்டுபிடித்த வழி, கேட்டால் 'அவ்வளவுதானா?' என்று தோன்றும். கண்கள் இருக்கும் பட்டை கன்னத்தைவிட இருட்டாக இருக்கும். மூக்குத்தண்டு இரண்டு பக்கக் கண்களைவிட வெளிச்சமாக இருக்கும். இப்படிப்பட்ட இருட்டு வெளிச்சக் கட்டங்களைப் படம் முழுக்க வைத்துப் பார்த்துக்கொண்டே போக வேண்டும். ஜாதகம் பார்ப்பது மாதிரிதான். முதல் பொருத்தமே இல்லையென்றால் மேற்கொண்டு பார்க்காமல் மடித்துக் கொடுத்துவிடும். கடைசிப் பொருத்தம் வரை தேறி வந்ததுதான் முகம். இந்தச் சிக்கனத்தால் அந்தக் காலத்து 700 மெகாஹெர்ட்ஸ் பென்டியம் கம்ப்யூட்டரிலேயே விநாடிக்கு 15 படம் வீதம் முகம் தேட முடிந்தது. 2005-ல் நிக்கானின் கூல்பிக்ஸ் கேமராக்களில் முகம் பார்த்து ஃபோகஸ் செய்யும் வசதி வந்தது. இப்போது வருகிறவை எக்கச்சக்கமான படங்களைப் பார்த்துப் பழகியவை. முகத்தோடு நிற்காமல் நேரே கண்ணுக்குப் போகின்றன. இடது கண்ணா வலது கண்ணா என்று தேர்ந்தெடுக்கவும் விடுகின்றன. மனிதர், மிருகம், பறவை என்று தனித்தனியாக வைத்துக்கொள்ளலாம். மண்டபத்து வாசலில் இருக்கும் பிள்ளையாரை எந்தக் கணக்கில் சேர்ப்பது என்று மெனுவில் இல்லை.

பழகியும் என்ன? சித்தப்பா வீட்டுக் கிரகப்பிரவேசத்தில் பசுவும் கன்றும் உள்ளே நுழைகின்றன. சித்தி கையில் ஆரத்தித் தட்டு. கேமராவின் பச்சைக் கட்டம் விறுவிறுவென்று மாடிக்கு ஏறி அங்கேயே உட்கார்ந்துவிட்டது. அங்கே தொங்கியது திருஷ்டிப் பொம்மை. உருட்டி விழிக்கும் கண், முறுக்கு மீசை, வெளியே தள்ளிய நாக்கு. பத்துப் பொருத்தமும் இருக்கிற முகம். ஊர்க்கண்ணெல்லாம் தன் மேல் விழட்டும் என்றுதான் அதைக் கட்டியிருந்தார்கள். அது தன் கடமையைச் செய்துவிட்டது. படத்தில் அந்த ராட்சசனின் பல்லை எண்ணலாம். சித்தி ஏதோ ஆரஞ்சுப் புகையாக வாசலில் நிற்கிறார்.

இன்னொரு நாள், மாமா தன் பேரனை மடியில் வைத்துக்கொண்டு கூடத்தில் உட்கார்ந்திருந்தார். குழந்தையைக் கொஞ்சுகிற மும்முரத்தில் தலையைக் குனிந்தவர் நிமிரவேயில்லை. குனிந்த தலை கேமராவுக்கு முகமில்லை. பின்சுவரில் தாத்தாவின் படம் மாட்டியிருந்தது. குங்குமம், சந்தன மாலை, மேலே ஜீரோ வாட் பல்பு. தாத்தா நேராகப் பார்த்துக்கொண்டிருந்தார். அந்தக் காலத்து ஸ்டூடியோவில் 'அசையாதீங்க' என்றால் அசையமாட்டார்கள். கட்டம் அவர் மேல் போய் நின்றது. படத்தைப் பார்த்த பாட்டி அசரவில்லை. "அவருக்கு எப்பவுமே தான்தான் முன்னாடி நிக்கணும்" என்றார்.

முகம் பிடிபட்டாலும் நிம்மதி இல்லை. ஃபுல் ஃபிரேம் கேமராவில் 85 மி.மீ. லென்ஸைப் போட்டு எஃப் 1.8-ல் இரண்டு மீட்டர் தூரத்தில் நின்று எடுத்தால், துல்லியமாக விழும் ஆழம் சுமார் ஆறு சென்டிமீட்டர்தான். மேடையில் மாமனாரும் மாமியாரும் பக்கத்தில் பக்கத்தில் நிற்பார்கள். மாமனார் மரியாதைக்காக அரை அடி பின்னால் தள்ளி நின்றிருப்பார். கேமரா முன்னால் இருப்பவரின் கண்ணைப் பிடித்துக்கொள்ளும். மாமனார் கலங்கிப்போய் நிற்பார், இரண்டு அர்த்தத்திலும். மூன்று வரிசை குரூப் போட்டோ என்றால், ஆழம் கூடட்டும் என்று எஃப் 8-க்குப் போய்விட்டு, எந்த முகத்தை வேண்டுமானாலும் பிடி என்று விட்டுவிடுவது உத்தமம்.

பெரியப்பா சங்கதி வேறு. 2007-ல் சோனி கொண்டுவந்த ஸ்மைல் ஷட்டர், ஆள் சிரித்தால் தானே படமெடுக்கும். அந்த மாதிரி ஒரு சின்னக் கேமராவை எதிரில் வைத்து அவரை உட்கார வைத்தேன். பெரியப்பாவுக்குப் போட்டோ என்றால் முகத்தை இறுக்கிக்கொள்வது என்று அர்த்தம். கேமரா காத்திருந்தது. அவரும் காத்திருந்தார். "பேட்டரி தீந்துபோச்சாடா?" என்று கேட்டபோதும் சிரிக்கவில்லை. மேடையில் இன்னொரு சிக்கல். பெரியப்பா நல்ல கறுப்பு, முதுகுக்குப் பின்னால் பளீரென்று எல்இடி சுவர். கட்டம் அவரைத் தாண்டித் தாண்டிப் போனது. அமெரிக்காவின் எம்ஐடியில் ஆராய்ச்சி செய்த ஜாய் புவோலாம்வினி, முகம் தேடும் சாஃப்ட்வேர் தன் கறுத்த முகத்தைக் கண்டுகொள்ளாமல், வெள்ளை முகமூடி போட்ட பிறகே கண்டுகொண்டதாகச் சொல்லியிருக்கிறார். பெரியப்பாவிடம் சொன்னேன். "முகமூடி எல்லாம் எதுக்கு? லைட்டை இந்தப் பக்கம் திருப்பச் சொல்லு" என்றார். திருப்பினோம். உடனே கட்டம் விழுந்தது.

எல்லாவற்றுக்கும் மேல் முகூர்த்த நேரம். கெட்டிமேளம் கொட்டுகிறது, அட்சதை பறக்கிறது, ஓமப்புகை வேறு. மணப்பெண் தலையைக் குனிந்திருக்கிறாள். மாப்பிள்ளை முடிச்சைப் பார்த்துக் குனிந்திருக்கிறார். மற்ற முடிச்சுகளைப் போட வந்த நாத்தனாரும் குனிந்தாயிற்று. அந்த இடத்தில் நிமிர்ந்து, நேராக, முழு முகத்தோடு நிற்பவர் ஒரே ஒருவர்தான்: செல்போனைத் தூக்கிப் பிடித்த ஒன்றுவிட்ட சித்தப்பா. கேமரா வேறு யாரைப் பிடிக்கும்? பக்கத்தில் இருந்த கல்யாண போட்டோகிராபர் என் திரையை எட்டிப் பார்த்து, "அண்ணே, தாலிக்கு முகம் கிடையாது. ஃபேஸ் டிடெக்ஷனை ஆஃப் பண்ணிட்டு ஒத்தை ஃபோகஸ் பாயின்ட்டைக் கையில வைங்க" என்றார். அவர் அதற்கென்றே ஒரு பட்டனை ஒதுக்கி வைத்திருக்கிறார். கெட்டிமேளம் என்றதும் கட்டைவிரல் தானாக அங்கே போய்விடுகிறது. காசு வாங்குகிறவருக்கும் வாங்காதவனுக்கும் உள்ள வித்தியாசம் அந்தக் கட்டைவிரல்.

இதற்கெல்லாம் பரிகாரமாக முகத்தைப் பதிவு செய்யும் வசதி இருக்கிறது. சோனி கேமராக்களில் எட்டு முகம் வரை சேர்த்து வைக்கலாம். கூட்டத்தில் யாருக்கு முதலிடம் என்று வரிசையும் மாற்றலாம். அக்கா மகள் கல்யாணத்துக்கு முந்தின ராத்திரி இதை வாய் தவறி வீட்டில் சொல்லிவிட்டேன். பத்திரிகையில் யார் பெயர் முதலில் என்று மாசக்கணக்கில் பேசி ஓய்ந்த குடும்பம். மறுபடி ஆரம்பித்தார்கள். பெண் ஒன்று, மாப்பிள்ளை இரண்டு. அதில் யாருக்கும் ஆட்சேபம் இல்லை. மூன்று யார்? சம்பந்தியம்மாவா, அக்காவா? மாப்பிள்ளையின் தாய்மாமனை நாலுக்குக் கீழே இறக்கினால் சீர் வராது என்றார்கள். பெரிய அத்தை ஒன்றும் பேசாமல் எழுந்து, விளக்கடியில் நாற்காலியை இழுத்துப் போட்டு, பொட்டைச் சரிசெய்துகொண்டு, "எடு" என்றார். மூன்று, அத்தை.

மறுநாள் பெண் திரும்பிக்கொண்ட போதெல்லாம், மாப்பிள்ளை மாலைக்குள் மறைந்த போதெல்லாம், கட்டம் கூட்டத்தைக் கிழித்துக்கொண்டு அத்தையிடம் போய் நின்றது. ஊஞ்சல், மாலை மாற்றல், பாலும் பழமும் எல்லாவற்றிலும் ஓர் ஓரத்தில் அத்தை. அவர் மூக்குத்திக் கல்லின் பட்டை தெரிகிறது. நடுவில் யாரோ இரண்டு பேர் மங்கலாகக் கல்யாணம் செய்துகொள்கிறார்கள். படங்களை டிவியில் போட்டுக் காட்டியபோது அக்கா என்னைப் பார்த்த பார்வையை எழுத முடியாது. அத்தை மட்டும் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு ஒன்று விடாமல் பார்த்தார்.

"காசு குடுத்துக் கூட்டியாந்தவன் படத்துல ஒண்ணுலயாவது நான் இருக்கேனா? நம்ம பையன் எடுத்ததைப் பாருங்க, பளிச்சுனு! டேய், அடுத்த மாசம் பேரனுக்குக் காதுகுத்து. நீதான் எடுக்கணும். என்னை ஒண்ணாம் நம்பர்ல போட்டுரு."