மலைக்கு இ-பாஸ், மின்கோப்புக்கு இல்லை

இணையவழி வரும் பாட்டு, படம், மென்பொருளுக்குச் சுங்கவரி கிடையாது என்று உலக வர்த்தக அமைப்பின் உறுப்பு நாடுகள் 1998-இல் ஒப்புக்கொண்டன. தற்காலிக ஏற்பாடுதான், வாய்தா வாங்கும் வழக்கைப்போல 2024 அபுதாபி மாநாட்டிலும் நீட்டிக்கப்பட்டது. வருவாய் போகிறதே என்று முணுமுணுத்த இந்தியாவும் கடைசியில் தலையாட்டியது. இணைய விளம்பரங்களுக்கு 2016-இல் விதித்த 6 சதவீதச் சமன்படுத்தும் வரியையும் 2025 ஏப்ரலில் கைவிட்டது.

ஆகவே கொடைக்கானல் மலையிலுள்ள அட்டுவம்பட்டியில், அன்னை தெரசா மகளிர் பல்கலைக்கழக விடுதி மாணவியின் கைப்பேசியில் அமெரிக்கப் படம் சுங்கமின்றி வந்திறங்குகிறது. அவளைப் பார்க்க மதுரையிலிருந்து காரில் வரும் பெற்றோருக்கோ 2024 மே 7 முதல் இ-பாஸ் கட்டாயம். கையில் சிறிய பிளாஸ்டிக் தண்ணீர் பாட்டில் இருந்தால் 20 ரூபாய் பசுமை வரியும் உண்டு. கொடைக்கானலுக்குத் தடையின்றி வர விரும்புவோர் மின்கோப்பாக வருவதே உத்தமம்.