காலில் ஃபெயில், முகத்தில் பாஸ்

பரீட்சையில் தோற்றவனுக்கு எதிர்காலம் இல்லை என்று பிள்ளைகளை மிரட்டும் பெற்றோர் செப்பு பெப்டைடின் வாழ்க்கை வரலாற்றைக் கொஞ்சம் படிக்க வேண்டும். சர்க்கரை நோயாளியின் காலில் ஆறாமல் கிடக்கும் புண்ணை ஆற்றிக் காட்டு என்று அதற்கு ஒரு பரீட்சை வைத்தார்கள். தேறவில்லை. அதனால் என்ன? காலை விட்டுவிட்டு முகத்துக்கு வந்தது. அங்கே பரீட்சையே கிடையாது. இன்று அதற்கு நீல நிறக் கண்ணாடிக் குப்பி, துளித்துளியாக விட ஒரு டிராப்பர், அட்டைப் பெட்டியில் வெள்ளி எழுத்து, முப்பது மில்லிக்கு ஆயிரக்கணக்கில் விலை.

ஆதிக் கதையில் குற்றம் சொல்ல ஒன்றுமில்லை. 1973இல் லோரன் பிக்கார்ட் என்ற அமெரிக்க உயிர்வேதியியலாளர் மனித ரத்தத்தின் பிளாஸ்மாவிலிருந்து ஒரு சின்னஞ்சிறு பொருளைப் பிரித்தெடுத்தார். கிளைசின், ஹிஸ்டிடின், லைசின் என்று மூன்றே அமினோ அமிலங்கள். செம்பைக் கண்டால் பிடித்துக்கொள்ளும். செம்போடு சேர்ந்த வடிவம்தான் நம் செப்பு பெப்டைடு, ஜிஹெச்கே-சியூ என்று பெயர். இருபது வயதில் ஒரு மில்லி பிளாஸ்மாவில் சுமார் 200 நானோகிராம் இருக்கும் இது, அறுபதில் 80 ஆகக் குறைகிறது என்றும் எழுதிவைத்தார்கள். அந்த இரண்டு எண்கள்தான் வியாபாரத்தின் முழு மூலதனம். 'குறைந்ததை ஊற்றி நிரப்பு, இளமை திரும்பும்' என்கிறார்கள். அறுபது வயதில் தலைமுடி குறைகிறது, தூக்கம் குறைகிறது, பெற்ற பிள்ளைகளிடமிருந்து வரும் ஃபோன்கூடக் குறைகிறது. குறைந்ததெல்லாம் கிழத்தனத்துக்குக் காரணம் என்றால் கடைகளுக்கு இடம் போதாது.

செம்பு உடம்புக்கு வேண்டும் என்பதும் உண்மையே. தோலுக்கு உறுதி தரும் கொலாஜன் இழைகளை ஒன்றோடொன்று பிணைக்கும் லைசில் ஆக்சிடேஸ் என்ற நொதிக்குச் செம்பு இல்லாமல் வேலை ஓடாது. 1988இல் பிரான்ஸ் நாட்டு ஆய்வாளர்கள் தட்டில் வளர்த்த தோல் செல்களில் இந்தப் பெப்டைடைச் சேர்த்தபோது அவை கூடுதலாகக் கொலாஜன் தயாரித்தன. எலிப் புண்களிலும் நல்ல சேதி வந்தது. ஆனால் தட்டில் உள்ள செல்லுக்கு மேல்தோல் கிடையாது. நமக்கு உண்டு. தண்ணீரில் கரையும், மின்னேற்றமுள்ள பொருள்களை உள்ளே விடாமல் தடுப்பதுதான் அதன் முழுநேர உத்தியோகம். நம்முடைய மூலக்கூறோ அந்த ஜாதிதான். இந்தச் சிறு தகவலுக்கு விளம்பரத்தில் இடம் கிடைப்பதில்லை.

பரீட்சைக்கு வருவோம். வாஷிங்டன் மாநிலத்தில் ப்ரோசைட் என்ற நிறுவனம் இதை ஜெல்லாக்கி, ஆறாத புண்களுக்கு மருந்தாகக் கொண்டுவர முயன்றது. 1994இல் சர்க்கரைப் புண்களில் நல்ல பலன் என்று ஓர் ஆய்வுக் கட்டுரையும் வெளிவந்தது. மருந்தாக விற்க அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகத்தின் அனுமதி மட்டும் கடைசிவரை வரவில்லை. தேறவே முடியாத பரீட்சை என்றும் சொல்ல முடியாது. 1997இல் பெகாப்லெர்மின் என்ற இன்னொரு ஜெல் அதே நிர்வாகத்திடம் சர்க்கரைக் கால் புண்ணுக்கென்றே அனுமதி வாங்கியது. தோற்றவர் என்ன செய்தார்? அழகுசாதன அலமாரியில் போய் உட்கார்ந்துகொண்டார். கால் வைத்திருந்த நோயாளி நடுத்தெருவில் நின்றார், கால் போனவர் அதுகூட முடியாமல் கிடந்தார்.

இது நமக்குச் சம்பந்தமில்லாத சமாசாரம் இல்லை. 2023இல் வெளியான ஐசிஎம்ஆர் ஆய்வின்படி இந்தியாவில் 10.1 கோடிப் பேருக்குச் சர்க்கரை நோய். செருப்பு கடித்த இடம், முள் குத்திய இடம், உணர்ச்சி மரத்துப்போனதால் குத்தியதே தெரியாத இடம் என்று தொடங்கி விரல், பாதம், முழங்கால் என்று மேலேறும் புண் எந்த அரசு ஆஸ்பத்திரியிலும் பார்க்கக் கிடைக்கும். கட்டுப் பிரிக்கும்போது வரும் வாடையை மறைக்க மூக்கில் முந்தானையை வைத்துக்கொண்டு மனைவிமார் நிற்பார்கள். அந்தக் காலுக்கு ஒரு நல்ல மருந்து கண்டுபிடிக்க வேண்டுமென்றால் வருடக்கணக்கில் சோதனை, கோடிக்கணக்கில் செலவு, தோற்றால் பெருத்த நஷ்டம். கண்ணுக்குக் கீழே இருக்கும் ஒரு கோட்டுக்கு அந்தத் தொல்லையெல்லாம் இல்லை. முதலீடு எந்தப் பக்கம் ஓடும் என்று கண்டுபிடிக்க ஐஐஎம்மில் படித்திருக்க வேண்டியதில்லை.

சட்டம் அதற்கு வாசலைத் திறந்தே வைத்திருக்கிறது. அமெரிக்காவில் ஒரு பொருள் உடலின் அமைப்பையோ செயல்பாட்டையோ மாற்றும் என்று சொன்னால் அது மருந்து, நிரூபித்தாக வேண்டும். அழகுபடுத்தும் என்று மட்டும் சொன்னால் அழகுசாதனம், விற்கும் முன் பலனை யாரிடமும் நிரூபிக்க வேண்டாம். அதனால்தான் குப்பியில் 'சுருக்கத்தைப் போக்கும்' என்று இருக்காது. 'சுருக்கங்களின் தோற்றத்தைக் குறைக்க உதவும்' என்றிருக்கும். தோற்றம், அதைக் குறைக்க, அதற்கும் உதவி மட்டும். வக்கீல் எழுதிய கவிதை. குப்பியைத் திருப்பிப் பின்பக்கம் படியுங்கள். முதலில் தண்ணீர், பிறகு கிளிசரின், பிறகு வழவழப்புக்கும் கெடாமலிருக்கவும் சேர்த்த சாமான்கள், பெரும்பாலும் அந்தக் கூட்டத்தின் வால்பகுதியில் 'காப்பர் ட்ரைபெப்டைடு-1' என்ற பெயரில் நம் செப்பு பெப்டைடு. ஒரு சதவீதத்துக்கும் குறைவான சரக்குகளை எந்த வரிசையில் வேண்டுமானாலும் எழுதலாம். எவ்வளவு என்று சொல்லவும் வேண்டாம். ஆனால் முன்பக்கத்தில் அவர்தான் மாப்பிள்ளை.

சான்று கேட்டால் ஒன்று காட்டுவார்கள்: 71 பெண்கள், 12 வாரம், முகத்தில் க்ரீம், தோல் நன்றாக இருந்தது. எழுபத்தொரு பேரை வைத்து ஒரு வார்டு கவுன்சிலரின் வெற்றியைக்கூடக் கணிக்க முடியாது. உலகத்தின் முதுமையை ஒழித்தாகிவிட்டது.

க்ரீம் பூசுகிறவர்களை விடுங்கள், பணம் போகும், முகம் பிசுபிசுக்கும், அவ்வளவுதான். இதையே ஊசியாகக் குத்திக்கொள்ளும் ஊசிக்காரர்கள் வேறு ரகம். சின்னக் கண்ணாடிக் குப்பியில் நீலப் பொடி, கலக்கத் தனியாகத் தண்ணீர், குத்த இன்சுலின் சிரிஞ்சு. குப்பியின் மேல் 'ஆராய்ச்சிக்கு மட்டும், மனிதர் பயன்பாட்டுக்கு அல்ல'. விற்பவருக்கும் தெரியும், வாங்குபவருக்கும் தெரியும், சிரிஞ்சுக்கும் தெரியும். 2023இல் அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் இதன் ஊசி வடிவத்தைப் பாதுகாப்புக் கவலை உள்ளவற்றின் பட்டியலில் வைத்தது. உடலின் எதிர்ப்புச் சக்தி எப்படித் திரும்பும், பொடியில் வேறு என்னென்ன கசடு கலந்திருக்கும் என்பதே கேள்வி. குப்பியின் மேலிருக்கும் அந்த ஒரு வரி கேள்வியையெல்லாம் அடைத்துவிடுகிறது. நாளைக்குக் கை வீங்கிக் காய்ச்சல் வந்தால் 'நாங்கள்தான் மனிதருக்கு அல்ல என்று எழுதியிருந்தோமே' என்பார்கள். அப்படியானால் குத்திக்கொண்டது யார்?

உண்மையான ஆராய்ச்சிக்கூடத்தில் ஓர் எலிக்கு ஊசி போட வேண்டுமென்றால் நெறிமுறைக் குழுவிடம் விண்ணப்பம் போட வேண்டும். எத்தனை எலி, ஏன் எலி, வலிக்குமா என்று கேட்பார்கள். எலிக்குத் தீனியும் கூண்டும் இலவசம். இந்த ஆராய்ச்சியில் கூரியர்காரர் கையெழுத்து வாங்கிக்கொண்டு போனதும் அனுமதி கிடைத்துவிடுகிறது. எலியே கார்டைத் தேய்த்துப் பணம் கட்டுகிறது, எலியே தன் வயிற்றைக் கிள்ளிப் பிடித்துக் குத்திக்கொள்கிறது, ஒரு மாதம் கழித்து எலியே ஐந்து நட்சத்திரம் போட்டு, அடுத்த குப்பிக்குத் தள்ளுபடி கூப்பனும் வாங்கிக்கொள்கிறது.