பிரண்டைக்குப் பங்காளி கிடையாது

வீட்டு முகப்பில் கொடி படர வேண்டும். பார்க்க அழகாகவும் இருக்க வேண்டும், குழம்புக்கும் ஆக வேண்டும், ஆனால் அதற்காக யாரும் குனிந்து நிமிரக் கூடாது. தென்காசிப் பக்கம் புதுவீடு கட்டுகிற எல்லாருக்கும் இப்போது இந்த ஆசை வந்திருக்கிறது. பெருநகரங்களில் இதற்கு ஆலோசகர் வைக்கிறார்கள். நமக்கு அந்தச் செலவு இல்லை. திரிகூடமலையிலிருந்து வாலோடு அவர்களே இறங்கி வந்துவிடுகிறார்கள்.

குற்றாலத்துக் குரங்குகள் சாமானியமல்ல. திரிகூடராசப்பக் கவிராயர் குறவஞ்சியிலேயே இடம் கொடுத்த வம்சம். அவர் கண்ட குரங்குகள் ஒன்றுக்கொன்று பழம் கொடுத்துக் கொஞ்சிக்கொண்டன. எங்கள் தெருவுக்கு வருகிறவை புடலங்காயை ஒரு கடி கடித்து, "முத்திப்போச்சே" என்கிற முகத்தோடு கீழே போடுகின்றன.

புடலை நிஜமாகவே அழகுக்கொடிதான். சாயங்காலம் விரியும் வெள்ளைப் பூவின் ஓரமெல்லாம் நூல் நூலாகப் பிரிந்திருக்கும். காய் வளையாமல் நீள நுனியில் கல் கட்டுவோம் இல்லையா? குரங்கு காயைக் கொண்டுபோய்விட்டு, கல்லை மட்டும் நேர்மையாக நமக்கே விட்டுவிடும். தாட்பூட் பழக்கொடி வைக்கச் சொல்லி வெளியூர் உறவினர் ஒருவர் யோசனை சொன்னார். பூ கொள்ளை அழகு, மறுப்பதற்கில்லை. ஆனால் பெயரிலேயே பழம் இருக்கிறதே!

குரங்கு விட்டாலும் காற்று விடாது. ஆடிப் பட்டம் தேடி விதைக்கச் சொன்னவர் செங்கோட்டைக் கணவாய்க்கு எதிரே குடியிருந்தவராக இருக்க முடியாது. அந்த வழியாக வரும் தென்மேற்குக் காற்றை நம்பித்தான் இந்தப் பக்கம் காற்றாலைகளே சுற்றுகின்றன. நாலு மூங்கில் கம்பும் சணல் கயிறும் எம்மாத்திரம்? ஒரு சாரல் நாளில் பக்கத்து வீட்டு அம்மா மாடியிலிருந்து கூப்பிட்டார்: "அண்ணாச்சி, ஒங்க பீர்க்கங்கொடி இங்கன மறுவீடு வந்திருக்கு. திருப்பி அனுப்பவா, வச்சுக்கிடவா?"

இந்தக் காற்றில் கோவைக்கொடிக்குப் பந்தலைவிட இறுக்கிக் கட்டிய கம்பி மேல். குச்சி நட்டால் போதும், பல வருடம் காய்க்கும். கொடிப்பசலை, விழுந்த விதையிலிருந்து தானே முளைக்கும். தூதுவளையின் ஊதாப் பூ கண்ணுக்கு, முள் சுவரேறிக் குதிக்கிறவருக்கு.

ஆனால் என் ஓட்டு பிரண்டைக்கே. ஒரு கணுவை ஒடித்துச் செருகினால் பச்சைச் சங்கிலி போலச் சுவரேறிவிடும். சதைப்பற்றான தண்டில் தானே தண்ணீர் சேர்த்து வைத்துக்கொள்ளும். ஒரு மாதம் நாம் ஊரில் இல்லாவிட்டாலும் அதற்குத் தெரியவே தெரியாது. தண்டிலுள்ள கால்சியம் ஆக்சலேட் படிகங்கள் அரிப்பெடுக்கச் செய்யும் என்பதாலோ என்னவோ, எங்கள் தெருக் குரங்குகள் அதன் பக்கமே போவதில்லை. நமக்கோ நார் உரித்து, நல்லெண்ணெயில் நன்றாக வதக்கி, புளி வைத்து அரைத்தால் துவையல். இத்தனை இருந்தும் நர்சரியில் பிரண்டை கேட்டால் ஏற இறங்கப் பார்க்கிறார்கள். காசு கொடுக்காமல் கிடைக்கிற செடியை அழகு என்று ஒப்புக்கொள்ள நம் ஆட்களுக்கு மனம் வருவதில்லை.

உங்களுக்குப் பிரண்டை வேண்டுமென்றால் வீட்டுக்கு வாருங்கள். பணம் வேண்டாம், கையில் எண்ணெய் தடவிக்கொண்டு வந்தால் போதும்.